பங்குக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவர்

கோபிசங்கரின் உடம்பைப் பார்த்தால், கடந்த பதினெட்டு வருடங்களில் யாழ் குடாநாட்டில் எந்தெந்தக் கம்பனிகள் எந்த ஒழுங்கில் செத்தன என்று வாசித்துவிடலாம். இடது புருவத்து வெட்டு, குருநகரில் நண்டு பதனிட்ட ஒரு கம்பனி. அங்கே வேலை செய்த ஸ்ரெல்லா என்ற பெண், உறைந்த நண்டுப் பாளம் ஒன்றைத் தூக்கி எறிந்ததில் வந்தது. பாளம் கம்பனியின் சொத்து என்பதால், இரத்தம் கண்ணுக்குள் வழிய வழியக் குனிந்து அதை எடுத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். வலது காலில் நான்கு புள்ளிகள், உடுப்பிட்டிப் பக்கத்து அச்சகம் ஒன்றின் காவல் நாய். நாயையும் பட்டியலில் சேர்த்தார். ஏலக் கேள்வியில் எடுக்க ஆள் வரவில்லை.

இடது காதும் வலது கைச் சுண்டுவிரலும் ஒரே கம்பனியின் கணக்கு. காது, அவர் பெரிய பிழை ஒன்று விட்டபோது போனது. விரல், எல்லாவற்றையும் சரியாகச் செய்தபோது போனது.

அவருடைய தொழிலுக்குப் பெயர் கலைப்பாளர். கடனில் மூழ்கிய கம்பனி ஒன்றை மூடும்படி நீதிமன்றம் கட்டளையிட்டால், அதன் சொத்துக்களைக் கைப்பற்றி, விற்று, கடன்காரருக்குப் பிரித்துக் கொடுத்து, கம்பனியின் பெயர் பதிவேட்டிலிருந்து அழியும்வரை பொறுப்பாக நிற்கிறவர். கோப்பாயில் அயலட்டைக்கு இவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமையில்லை. "கம்பனியளுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யிறவற்றை வீடு எது?" என்று கேட்டால் போதும், சின்னப்பிள்ளையும் கை நீட்டிக் காட்டும்.

ஆள் மிக மென்மையானவர். சுத்த சைவம். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட மனைவி பிரசாந்திதான் அடிக்க வேண்டும். இப்படிப்பட்டவர் எப்படி ஊரெல்லாம் அடிவாங்குகிற தொழிலுக்கு வந்தார் என்று கேட்டால், அமைதியாக இருந்து கணக்குப் பார்க்கிற வேலை என்று நினைத்து வந்ததாகச் சொல்வார்.

புதிய வங்குரோத்துச் சட்டத்தின் வரைவு கொழும்பில் கைமாறத் தொடங்கியபோதுதான் அவருக்கு உண்மையான பயம் பிடித்தது. ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்கு அவரும் போயிருந்தார். பேச்சாளர் சிரித்த முகத்தோடு விளக்கினார். இனிக் கம்பனியைக் கண்டவுடன் புதைக்கக் கூடாது; பிழைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். புதைப்பதென்றால் நாள் கடத்தாமல் கெதியாகப் புதைக்க வேண்டும். அதைச் செய்கிறவர் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், பிணை வைக்க வேண்டும். தன் பொறுப்பில் இருக்கும் பொருள் கவனக்குறைவால் தொலைந்தால், தன் சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். கம்பனிகளுக்கு உயிர் கொடுக்க வந்த வரைவு, மண்டபத்தில் இருந்த கலைப்பாளர்களின் முகத்திலிருந்த உயிரை எடுத்துவிட்டது. பகல் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

சட்டம் வர முதலே அதன் பயம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பசுங்கதிர் குளிர்களஞ்சியம் என்ற கம்பனியைக் கலைக்க அவரை நியமித்தபோது, கடன் கொடுத்தவர்களின் சட்டத்தரணி எழுந்து, வரப்போகிற சட்டத்தின் உணர்வுக்கு அமையப் பிணை வேண்டும் என்று கேட்டார். நீதிமன்றம் ஓம் என்றது. கோபிசங்கரிடம் இருந்தது ஒரேயொரு வீடு. அதுவும் பிரசாந்தியின் சீதனம்.

பிரசாந்தி கணித ஆசிரியை. வீட்டு உறுதிப்பத்திரத்தைப் பிணைக்குக் கொடுக்கும் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"இது என்ரை அப்பா எனக்குத் தந்த வீடு. அந்தக் கம்பனியிலை ஒரு ஆணி துலைஞ்சாலும் உங்களை உயிரோடை விடமாட்டன்."

"பொலிஸ் பிடிக்கும்," என்றார் கோபிசங்கர்.

"பிடிக்கட்டும். அங்கையெண்டாலும் இருக்க ஒரு கூரை இருக்கும்."

குளிர்களஞ்சியம் சுன்னாகத்துக்குக் கிழக்கே, செம்மண் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் நின்றது. மரக்கறியைக் குளிரில் வைத்து விலை ஏறும்போது விற்பது என்ற யோசனையை, மரக்கறியைவிட வேகமாக ஏறிய மின்சாரச் செலவு கொன்றுபோட்டது. மிஞ்சியதில் பெறுமதியானவை இரண்டு பெரிய கொம்பிரசர்கள். மற்றதெல்லாம் சுவர். அந்த இரண்டும் போனால் கோப்பாய் வீடும் போகும். இதைக் கோபிசங்கர் குளிக்கும்போதும் நினைத்தார், கோயிலில் நிற்கும்போதும் நினைத்தார்.

கம்பனியின் பணிப்பாளர் தனோஜன். முப்பத்தெட்டு வயது, இனிய பேச்சு, கறுப்புக் கண்ணாடி. அவனுக்கும் அந்தக் கொம்பிரசர்களில் கண் இருந்தது என்பது ஊரறிந்த விடயம்.

ஆகவே திங்கட்கிழமை காலை, கோபிசங்கர் ஆறு ஆமைப்பூட்டுகளோடும் ஒரு பாரச் சங்கிலியோடும் போய் இறங்கினார். கதவுகளைப் பூட்டினார். மதிலின் பெரிய கேற்றைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினார். பட்டியல் எழுதினார். கொம்பிரசர் இரண்டு. தராசு ஒன்று. கதிரை பதினொன்று. கிணறு ஒன்று. தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று. கேற்றில் நீதிமன்ற அறிவித்தலை ஒட்டி, அடியில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடியத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, நான் பக்கத்துத் தோட்டத்துப் பூரணம். இண்டைக்கு எங்கடை முறை. வந்து கேற்றைத் திறவுங்கோ."

"என்ன முறை?"

"தண்ணி முறை. வேறை என்ன முறை? கிணறு உள்ளுக்கை கிடக்கு, வெங்காயம் வெளியிலை காயுது."

கோபிசங்கருக்கு இதில் தனோஜனின் கை மணத்தது. கேற்றைத் திறக்கவைக்க ஒரு பெண்பிள்ளையைக் கதைக்க விட்டிருக்கிறான். "அம்மா, அது இப்ப நீதிமன்றத்தின்ரை பொறுப்பிலை இருக்கு. ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்கோ."

"விண்ணப்பத்தையோ வெங்காயத்துக்கு ஊத்துறது?"

அவர் அழைப்பைத் துண்டித்தார். தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, தண்ணீர்முறைச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த மனிதர். ஆனால் காதில் பிணைப்பத்திரம் அடைத்திருந்தது.

பூரணம் விதவை. எட்டுப் பரப்புக் காணியில் வெங்காயம், நட்டு நாற்பது நாள், காய் திரளுகிற பருவம், சித்திரை வெயில். ஒரு முறை தவறினால் தாள் மஞ்சளிக்கும். இரண்டு முறை தவறினால் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அந்தக் கிணறு அவருடைய தகப்பன் வெட்டியது. அதில் பாதி தமையன் கதிரவேலுவுக்கு, கால் பங்கு பூரணத்துக்கு, மற்றக் கால் பங்கு கனடாவுக்குப் போன தம்பிக்கு. தம்பி தன் காணியையும் கிணற்றுப் பங்கையும் கம்பனிக்கு விற்றான். கம்பனி தன் காணியைச் சுற்றி மதில் கட்டியபோது கிணறு உள்ளே அகப்பட்டது. இருந்தாலும் கேற் திறந்தே கிடக்கும். நாலு நாளைக்கு ஒரு சுற்று: கதிரவேலுவுக்கு இரண்டு நாள், பூரணத்துக்கு ஒரு நாள், கம்பனிக்கு ஒரு நாள். கம்பனி தன் நாளில் மரக்கறி கழுவியது.

கதிரவேலுவும் பூரணமும் ஒன்பது வருடமாகக் கதைப்பதில்லை. பூரணத்தின் முறையன்று கதிரவேலு ஒரு மணித்தியாலம் களவாக இறைத்தார் என்று வாக்குவாதம் வந்து, பூரணம் மண்வெட்டிப் பிடியால் அடித்துத் தமையனின் இடது கையை முறித்தார். கை பொருந்தியது. பேச்சு பொருந்தவில்லை.

அந்த வாரம் இருவருடைய முறைகளும் பூட்டிய கேற்றுக்கு முன்னால் செத்தன. வெள்ளிக்கிழமை தனோஜன் பூரணத்தின் படலைக்கு வந்து அனுதாபம் தெரிவித்தான். "நான் என்னக்கா செய்யிறது? உந்த லிக்குவிடேற்றர் பூட்டிப்போட்டார். நான் நீங்களெண்டால் உடைப்பன்."

சனிக்கிழமை பூரணத்தின் இரண்டாவது முறை. அன்று காலை பூட்டுகளைச் சரிபார்க்க வந்த கோபிசங்கர், கேற்றடியில் இருபது பேரையும், அவர்களுக்கு முன்னால் மண்வெட்டியோடு ஒரு பெண்ணையும், இரும்பு அலவாங்கோடு ஒரு கிழவரையும் கண்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அண்ணனும் தங்கையும் ஒரே வேலைக்கு வந்திருந்தார்கள். எந்தச் சமாதான சபையாலும் முடியாததை ஒரு ஆமைப்பூட்டு சாதித்திருந்தது.

கோபிசங்கர் ஓடிப்போய்க் கேற்றில் முதுகை வைத்துக் கைகளை விரித்தார். "பூட்டிலை ஒருத்தரும் கை வைக்கேலாது! நீதிமன்ற அவமதிப்பு!"

"நாங்கள் கை வைக்கேல்லை, அலவாங்குதான் வைக்கிறம்," என்றார் கதிரவேலு. "தள்ளு தம்பி, மண்டை சிதறும்."

"உள்ளுக்கை இருக்கிற சாமானுக்கு என்ரை வீடு பிணை கிடக்கு ஐயா!"

"உன்ரை வீடு நாளைக்கும் நிக்கும். வெங்காயம் நிக்குமோ?" இது பூரணம். பிறகு, தமையனைப் பார்க்காமல், கோபிசங்கரிடம் சொன்னார்: "அந்த ஆளிட்டைச் சொல்லு, அலவாங்கைச் சங்கிலிக்குள்ளை விட்டு நெம்பச் சொல்லி. சும்மா குத்தினால் உடையாது."

கதிரவேலுவும் கோபிசங்கரிடமே சொன்னார்: "இவவிட்டைச் சொல்லு, எனக்குப் படிப்பிக்க வேண்டாமெண்டு."

இரண்டு பக்கத்துச் செய்தியையும் கொண்டுபோக அவருக்கு நேரமிருக்கவில்லை. பூரணம் மண்வெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கி வீசினார். தான் பூட்டைத்தான் அடித்ததாக அவர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். ஆளைத்தான் அடித்தது, குறி தவறிவிட்டது என்று கதிரவேலு சொல்கிறார். இரும்பு சங்கிலியில் பட்டு வழுக்கி, கோபிசங்கரின் இடது காதைக் கீழ்ப்பக்கமாகக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு துண்டு செம்மண்ணில் விழுந்தது. அவர் அதைத் தேடிக் குனிந்த இடைவெளியில் சங்கிலி அறுந்தது, கேற் திறந்தது, சனம் அவருக்கு மேலாலும் பக்கத்தாலும் உள்ளே பாய்ந்தது. ஒருவரின் குதி அவருடைய விலாவில் இறங்கியது. ஒரு நிமிடத்தில் மிசின் உறுமியது. தண்ணீர் சீமெந்து வாய்க்காலில் இரைந்துகொண்டு தோட்டத்துக்கு ஓடியது. யாரோ கை தட்டினார்கள்.

கோபிசங்கர் சட்டையைக் கழற்றிக் காதில் அழுத்திக்கொண்டு மதிலோடு சாய்ந்திருந்தார். அப்போதுதான் லொறி வந்தது.

தனோஜன் சந்தியில் காத்திருந்திருக்கிறான். நாலு ஆட்களும் சங்கிலிக் கப்பியும் இரும்பு வெட்டுகிற காஸ் சிலிண்டருமாக, லொறி பின்பக்கமாக உள்ளே வந்து களஞ்சியக் கதவோடு நின்றது. "சேர், நல்லா இரத்தம் போகுது, ஆசுப்பத்திரிக்குப் போங்கோ," என்றான் தனோஜன், உண்மையான கரிசனையோடு. கதவின் பூட்டு வெட்டப்பட்டது. முதலாவது கொம்பிரசர் தொங்கித் தொங்கி லொறிக்கு ஏறியது.

கரப்பான்பூச்சி அடிக்காத கோபிசங்கர் எழுந்தார். லொறிக்குள் ஏறினார். கொம்பிரசரின் மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒருவன் முதுகில் உதைத்தான். இன்னொருவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். மூன்றாமவன் விரல்களைப் பிரிக்கக் கை நீட்டியபோது, ஐம்பத்தொரு வருடம் மச்ச மாமிசம் தொடாத அந்த வாய் அவனுடைய மணிக்கட்டைக் கவ்வியது. கவ்வியது விடவில்லை. அவன் அலறிய அலறல் சந்தைக்குக் கேட்டிருக்கும்.

அப்படியும் லொறி கிளம்பியிருக்கும். ஆனால் வந்தபோது அதன் பின்சக்கரம் வாய்க்காலின் மேல் ஏறி, சீமெந்தை நொறுக்கியிருந்தது. தண்ணீர் வெங்காயத்துக்குப் போகாமல் ஒழுங்கைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் காத்து நின்ற பூரணம், வரவேண்டிய தண்ணீர் வராததைக் கண்டார். வாய்க்கால் வழியே நடந்து வந்து சக்கரத்தைக் கண்டார்.

"அண்ணை!" என்று கத்தினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதற்சொல். "உவன் வாய்க்காலை உடைச்சுப்போட்டான்!"

கதிரவேலுவின் அலவாங்கு லொறியின் முன்கண்ணாடிக்குள்ளால் போய்ச் சாரதியின் மடியில் கிடந்தது. சாரதி மற்றக் கதவால் குதித்து, மண்வெட்டி ஒன்றின் பிடிக்கு நேராக இறங்கினான். வேலிக் கதியால்கள் பிடுங்கப்பட்டன. தனோஜனின் கறுப்புக் கண்ணாடி முதலில் விழுந்தது, பிறகு தனோஜன் விழுந்தான், பிறகு இரண்டு பல். அவனை வாய்க்காலுக்குள் கிடத்தி, உடைந்த இடத்தில் அவன் முதுகால் தண்ணீரை மறித்தார்கள். பூரணம் குனிந்து பார்த்து, "இப்ப போகுது, அப்பிடியே வைச்சிருங்கோ," என்றார். பொலிஸ் வரும்வரை இருபத்தைந்து நிமிடம் தனோஜன் வாய்க்காலின் கரையாக இருந்தான். அவனுடைய வாழ்க்கையில் அதுதான் விவசாயத்துக்குச் செய்த ஒரேயொரு உதவி என்று ஊரில் கதை.

கோபிசங்கரின் பல்லை அந்த மூன்றாமவனின் மணிக்கட்டிலிருந்து பிரிக்க இரண்டு பொலிஸ்காரர் தேவைப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். பிரசாந்தி கம்பனியின் கோப்பைக் கட்டில்மேல் போட்டாள். அதிலிருந்த காணி உறுதியின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதை வாசியுங்கோ."

"'கிணற்றில் நாலிலொரு பங்கும், வழிவாய்க்காலும்.' எல்லா உறுதியிலையும் உள்ளதுதானே."

"எல்லா உறுதியிலையும் உள்ளதெண்டால், அது இல்லையெண்டோ அர்த்தம்? உங்கடை பட்டியலிலை என்ன கிடக்கு? கிணறு ஒண்டு. நாலிலை ஒண்டு எண்டதுக்கும் ஒண்டு எண்டதுக்கும் வித்தியாசம் என்ரை ஆறாம் வகுப்புக்குத் தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார். இதென்ன கிணற்றுக்குப் பங்கு என்று வியந்து, நின்று வாசித்திருப்பார். யாழ்ப்பாணத்தானுக்கு அந்த வரி கல்யாணக் கடுதாசியின் 'சுற்றமும் நட்பும்' போல. கண் படும், வாசிக்காது. முக்கால்வாசி அடுத்தவனுடைய கிணற்றைப் பூட்டிவிட்டு, விண்ணப்பம் எழுதித் தா என்று கேட்டிருக்கிறார்.

பொலிஸ் உத்தியோகத்தர் வந்து, காதை வெட்டியது யார் என்று கேட்டார்.

"கவனிக்கேல்லை," என்றார் கோபிசங்கர்.

"எதிரிலை நிண்டு வெட்டினதைக் கவனிக்கேல்லையோ?"

"நான் பூட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இதைப் பெருந்தன்மை என்று பூரணம் நினைத்தார். ஒரு கடகம் வெங்காயம் கொடுத்தனுப்பினார். பெருந்தன்மை கொஞ்சம் இருந்தது உண்மை. ஆனால் பூரணம் நீதிமன்றம் ஏறினால் அந்தக் கடைசி வரியும் ஏறும். கலைப்பாளரின் கவனக்குறைவு என்று ஒருவர் சொன்னால் போதும், வீடு போய்விடும். கடைசியில் அவரே அறிக்கையில் பட்டியலைத் திருத்தினார். 'கிணறு: நாலிலொரு பங்கு. முன்னைய பதிவு பிழை.' நீதிபதி கட்டுப்போட்ட காதைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார், மேலே எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கோபிசங்கர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் கேற்றுப் பூட்டைத் திறக்கத் திறப்பு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கொம்பிரசர்களை விற்றார். களஞ்சியத்தையும் விற்றார். வரைவு விரும்பிய வேகத்துக்கும் மேலாக, ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியது கிணற்றில் கம்பனியின் கால் பங்கு மட்டும். களஞ்சியத்தை வாங்கியவர், இந்தக் கிணறு தனக்கு இனாமாகத் தந்தாலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். அந்தப் பங்கும் போனால் கம்பனி அழியும், பிணை விடுபடும், உறுதி பிரசாந்தியின் கைக்கு வரும்.

யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்கை வெளியாருக்கு விற்க முதல் மற்றப் பங்காளர்களுக்கு அறிவிக்க வேண்டும். இந்தத் தடவை எந்த வரியையும் விடாமல் வாசித்து, உறுதி எழுதும் நொத்தாரிசு மூலம் இருவருக்கும் அறிவித்தல் அனுப்பினார். ஒரு பிழையும் இல்லாத அறிவித்தல். பூட்டு ஒட்டவைத்த இருவரையும் அது ஒரே நாளில் பிய்த்தது.

இருவரும் முழுக் கால் பங்கையும் கேட்டார்கள். கிணற்றடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச வைத்தார். எட்டிலொன்று ஆளுக்கு என்று பிரிப்போம் என்றார்.

"எட்டிலை ஒண்டோ? அரை நாளைத் தண்ணியை வைச்சுக் கால் கழுவுறதோ?" என்றார் கதிரவேலு. "பாதி என்ரை. மிச்சமும் என்னட்டைத்தான் சேரவேணும்."

"பாதியை வைச்சுக்கொண்டும் களவா இறைச்ச ஆள்," என்றார் பூரணம். இப்போது நேருக்கு நேராகவே கதைத்தார்கள். சமாதானத்தின் பலன் அது.

"வாயைப் பொத்தடி!"

"கையை முறிச்சது காணாதோ? மற்றதும் கிடக்கு!"

அலவாங்கு எழும்பியது. கோபிசங்கர் உறுதியைப் பிடித்தபடி இடையில் பாய்ந்தார். அலவாங்கு பூரணத்தைத் தவறி மிசினின் இரும்புச் சட்டத்தில் இறங்கியது. இரண்டு இரும்புக்கும் நடுவில் அவருடைய சுண்டுவிரல் இருந்தது. பூரணம் தன் சேலைத்தலைப்பைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினார். கட்டும்போதும் தமையனைத் திட்டுவதை நிறுத்தவில்லை. விரலில் பாதியை டொக்டர் எடுத்துவிட்டார்.

இருவரும் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும்வரை பங்கை விற்க முடியாது. பங்கு விற்காமல் கம்பனி சாகாது. கம்பனி சாகாமல் வீட்டு உறுதி வெளியே வராது. கம்பனியைப் பிழைக்கவைக்க முடியுமா என்று முதலில் பார்க்கச் சொன்ன பேச்சாளருக்கு இது சந்தோசத்தைக் கொடுத்திருக்கும். கட்டடமும் இல்லை, இயந்திரமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஆனால் நாலு நாளைக்கு ஒருக்கால் கம்பனிக்குத் தண்ணீர் முறை வருகிறது.

அந்த முறையை யாரும் காக்காவிட்டால் கிணற்றடியில் கொலை விழும். கம்பனியின் சொத்தில் விழுகிற கொலைக்கும் கலைப்பாளர்தானே பொறுப்பு. ஆகவே நாலாம் நாள் விடிய, கோப்பாயிலிருந்து சைக்கிளில் ஒருவர் வருகிறார். இடது காதில் ஒரு துண்டு குறைவு. காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, வாய்க்காலுக்குள் இறங்கி, மணிக்கூட்டைப் பார்த்து அரை நாள் கதிரவேலுவின் பக்கம், அரை நாள் பூரணத்தின் பக்கம் என்று தண்ணீரை மாறிவிடுகிறார். ஒரு நிமிடம் கூடினால் ஒரு கரையிலிருந்து தூஷணம், குறைந்தால் மற்றக் கரையிலிருந்து.

"சேர், மணிக்கூடு சரியோ?" என்று கத்துகிறார் கதிரவேலு.

"அந்த ஆளிட்டைச் சொல்லுங்கோ, மணிக்கூட்டைவிட அவற்றை களவு சரியெண்டு," என்று கத்துகிறார் பூரணம்.

கோபிசங்கர் எதையும் யாரிடமும் சொல்வதில்லை. இரண்டு கரையிலும் நிற்கிறவர்களின் கையில் மண்வெட்டி இருக்கிறது. இப்போது அவர் கையிலும் ஒன்று இருக்கிறது. அதை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை.